பாரமோ, உருவமோ

“உவள் அந்த ஈயக்குண்டைக் கட்டிப்பிடிக்காமல் ஒரு கிழமை கிடப்பாளோ? பிறகென்ன கம்பஸும் கத்தரிக்காயும்!”

இதைச் சொன்னவர் மாமி, அப்பாவின் தமக்கை. சொல்லும்போது நான் அவருக்குப் பின்னால் குசினி வாசலில் நின்றேன். அவர் குரலைத் தாழ்த்தவில்லை. நான் நிற்கும்போதே என்னைப் பற்றி வேறு ஆளிடம் கதைப்பது எங்கள் வீட்டில் பழகிப்போன காரியம். பதில் சொல்லாதவளுக்குக் காதும் கேட்காது என்று எப்போதோ முடிவுகட்டியிருந்தார்கள்.

அன்று காலை ஒரு கடிதம் வந்திருந்தது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கும் பல்கலைக்கழக வளாகத்தில் கலைப் பிரிவில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. கடிதத்தை வாசித்துக் காட்டியதும் நானேதான். வடக்குக் கடற்கரையில் மீன்பிடித்து வாழ்ந்த குடும்பம் எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. அப்பா அரசாங்கக் கச்சேரியில் ஏதோ ஒரு பத்திரத்துக்குப் பெருவிரல் வைத்துவிட்டு வந்த அன்று, கிணற்றடியில் அந்த மையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டே, “இவளைப் படிப்பிப்பம்” என்று அம்மாவிடம் சொன்னாராம். அப்போது எனக்கு ஐந்து வயது. ஒழுங்காகக் கதைக்கவே தொடங்கியிருக்கவில்லை. கேட்டவர்கள் சிரித்தார்கள். பதினான்கு வருடம் கழித்து அந்தக் கடிதத்தை ஒரு இடத்திலும் தடக்காமல் உரத்து வாசித்தேன். அந்தப் பெருமையை இன்றும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் மாமி கேட்டதைப் பகிடி என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. அதே கேள்வி எனக்குள்ளும் இருந்தது. வீட்டை விட்டுப் போய் என்னால் இருக்க முடியுமா?

அந்த ஈயக்குண்டு, அம்மாவின் தகப்பனார் பாய்க்கப்பலில் போன காலத்தில் கடலின் ஆழம் பார்க்கப் பாவித்தது. ஒரு சாண் நீளம். மேலே ஒடுங்கி, கயிறு கட்ட ஒரு துளை. கீழே பருத்து, அடியில் ஒரு சிறு குழி. அந்தக் குழிக்குள் கொழுப்பை அப்பிக் கடலில் இறக்குவார்களாம். தூக்கிப் பார்த்தால் அடியில் இருப்பது மணலா, சேறா, சிப்பியா என்று கொழுப்பில் ஒட்டிக்கொண்டு வந்திருக்குமாம். அவர் காலத்துக்குப் பிறகு அது எங்கள் வீட்டில் கதவு காற்றுக்கு அடிபடாமல் முட்டுக்கொடுக்கக் கிடந்தது. நான் அதை எப்போது எனதாக்கிக்கொண்டேன் என்று நினைவில்லை. தவழும் காலத்திலேயே கதவடியில்தான் கிடப்பேன் என்று அம்மா சொல்வார்.

குண்டின் அடியில் இருந்த குழிக்கு என் பெருவிரல் சிறு வயதில் தளர்வாக இருந்தது. பத்துப் பன்னிரண்டு வயதில் அளவாகப் பொருந்தியது. பிறகும் பொருந்தியபடியே இருந்தது. விடியற்காலையில் அது குளிர்ந்துபோய்க் கிடக்கும். வயிற்றோடு அணைத்துக்கொண்டால் மிக மெதுவாக என் சூட்டுக்கு வரும். கடைக்காரர் தராசில் வைத்துப் பார்த்தபோது மூன்று இறாத்தலுக்குச் சற்றுக் கூட இருந்தது. படுத்துக்கொண்டு அதை நெஞ்சின் மேல் வைத்தால் ஒவ்வொரு மூச்சும் அதைத் தூக்கி இறக்கும். அதுவரை அறை முழுக்கச் சிதறிக் கிடந்த நான் ஒரு இடத்துக்கு வந்து சேருவேன். இதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆட்களோடு அப்படி ஒரு இடத்துக்கு வந்து சேர முடிந்ததில்லை. அம்மா சிரித்துக்கொண்டே ஏசுவார். மாமி ஏசுவது போலக் கொஞ்சுவார். எதை எடுத்துக்கொள்வது என்று நான் கண்டுபிடிப்பதற்குள் அவர்கள் அடுத்த கதைக்குப் போய்விடுவார்கள். கோயில் திருவிழாவில் மேளம் தொடங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்து குண்டை மடியில் வைத்துக்கொண்டு இருப்பேன். ஊர் முழுக்கக் கோயிலில் நிற்கும். வீட்டில் நானும் அதுவும். எனக்குத் தனிமைதான் பிடிக்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள். மற்றப் பிள்ளைகளோடு கடலை வாங்கிக்கொண்டு வீதியில் நிற்க எனக்கு ஆசையாக இருந்தது. நிற்கத்தான் முடியவில்லை. ஆசையும் முடியாமையும் ஒரே பிள்ளைக்குள் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பள்ளிக்கூடத்துக்குக் குண்டைக் கொண்டுபோக முடியாது. அங்கே மேசைகளில் மைக்கூடு வைப்பதற்கென்று வட்டமான குழி இருந்தது. மைக்கூடுகள் போய்ப் பேனைகள் வந்துவிட்ட காலம் என்பதால் குழிகள் சும்மா கிடந்தன. அந்தக் குழியின் விளிம்பில் விரலை ஓட்டிக்கொண்டேதான் நான் படித்து முடித்தேன். ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் நல்ல வழுவழுப்பான குழி உள்ள மேசையைப் பிடிப்பதற்காக முதல் ஆளாகப் போய் நிற்பேன். படிப்பில் எவ்வளவு ஆர்வம் என்று ஆசிரியை மெச்சினார்.

இடைவேளைகளில் மற்றப் பெட்டைகள் கைகோத்துக்கொண்டு திரிவார்கள். ஒருநாள் ஒருத்தி என் முன்னால் வந்து குனிந்து, “என்னடி, மேசையோடை கோவமோ? இண்டைக்கு நீங்கள் ரெண்டு பேரும் கதைக்கேல்லை?” என்று கேட்டாள். நான் உண்மையாகவே யோசித்துப் பார்த்துவிட்டு, “இல்லை, கோவமில்லை” என்றேன். அந்தப் பதில் பள்ளிக்கூடம் முடியும்வரை என் பின்னால் வந்தது.

வளாகம் தொடங்க மூன்று கிழமை இருந்தது. வீட்டிலிருந்து போய்வருவதென்றால் இரண்டு பஸ் மாற வேண்டும். அந்த இரைச்சலில் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு இறங்கினால் பாதி நாளுக்கு எனக்கு வாய் திறக்காது. ஆகவே திருநெல்வேலியிலேயே ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்குவது என்று முடிவாயிற்று. பெட்டிக்குள் உடுப்புகளுக்கு அடியில் குண்டை வைத்துக் கொண்டுபோவது என் திட்டம். அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை வாசிகசாலைக்குப் போய்விட்டு வந்தபோது, முற்றத்தில் அப்பா மூன்று கல் வைத்து நெருப்பு மூட்டியிருந்தார். நெருப்பின் மேல் பழைய சட்டி. பக்கத்தில் கருகிப்போன மர அச்சு. வலையின் அடிக்கயிற்றுக்கு ஈயம் வார்க்கும்போது செய்கிற ஏற்பாடுதான், எங்கள் பக்கத்தில் எல்லார் முற்றத்திலும் நடக்கிற வேலை. பழைய பற்றரித் தகடு, குழாய்த் துண்டு, அறுந்த வலையில் கிடந்தது என்று எந்த ஈயம் கையில் பட்டாலும் உருக்கிச் சிறு துண்டுகளாக வார்த்து வலையில் கட்டுவார்கள். வலை பழுதானால் கழற்றி மறுபடி உருக்குவார்கள். அப்பாவின் வலையில் கிடந்த ஈயத்தில் பாதி அவருடைய தகப்பனாரின் வலையில் கிடந்தது. அது எத்தனை தரம் உருகியிருக்கும் என்று அவருக்கே தெரியாது. அந்த வருடங்களில் கடைகளில் ஈயம் கிடைப்பதே அரிது. கரையில் ஒரு துண்டைக் கண்டால் ஆட்கள் பாய்ந்து எடுப்பார்கள்.

என்னைக் கண்டதும் அப்பா எழும்பினார். அவர் முகத்தில் இருந்தது சிரிப்பு. எனக்கே அதில் சந்தேகம் வரவில்லை. இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் மடிப்பிலிருந்து ஒரு சீலைப் பையை எடுத்து என் கையில் வைத்தார். பையில் சூடு இருந்தது.

“இந்தா மோனை. இனி உன்ரை மாமி என்னவும் சொல்லட்டும். உதை உடுப்புப் பைக்குள்ளை போட்டுக்கொண்டு போ. ஒருத்தருக்கும் தெரியவராது.”

பையை அவிழ்த்தேன். விரல் நுனி அளவில், புது வெள்ளி போல, ஈயத் துண்டுகள்.

“உன்ரை குண்டுதான்” என்றார் அப்பா. “அந்தப் பெரிசைக் கொண்டுபோய் அங்கை படிச்ச பிள்ளையளுக்கு முன்னாலை வைச்சிருக்கேலுமே? அதுதான் சின்னன் சின்னனாய் வார்த்துப்போட்டன். இருபத்துமூண்டு. ஒரு துளியும் வலைக்கு எடுக்கேல்லை. எண்ணிப் பார்.”

நான் எண்ணினேன். இருபத்துமூன்று இருந்தன. கதவடியைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே ஒரு செங்கல் முட்டுக்கொடுத்திருந்தது.

நான் பெரிதாகக் கத்தினேன் என்று அம்மா சொல்கிறார். எனக்கு அது கேட்கவில்லை. பை கையிலிருந்து விழுந்ததும், துண்டுகள் மணலில் சத்தமில்லாமல் புதைந்ததும், பிறகு என் வாயிலிருந்து வந்த ஒரு வசனமும் மட்டும் நினைவில் இருக்கின்றன.

“அதைச் சாக்காட்டிப்போட்டியள்.”

அப்பா சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஈயம் அப்பிடியே தானே கிடக்கு, பிள்ளை” என்றார். வேலிக்கு அப்பால் இருந்து மாமியின் குரல் வந்தது: “பாத்தியே, நான் சொன்னனான். உவள் எங்கை போய் இருக்கப்போறாள்!” அப்பா மணலை அள்ளி நெருப்பின் மேல் போட்டார். பிறகு முழங்காலிட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

மிச்சமிருந்த நாள் முழுக்க நான் அவரோடு கதைக்கவில்லை. போகாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் போகாமல் விட்டால் மாமி சொன்னது உண்மையாகிவிடும். அந்த வீம்பில்தான் பெட்டியைக் கட்டினேன். பையை எடுக்கவில்லை. என்னை பஸ் ஏற்ற அம்மா வந்தார். அப்பா கடலுக்குப் போயிருந்தார். அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் அவர் தொழிலுக்குப் போவதில்லை.

நான் தங்கிய வீடு பலாலி வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு ஒழுங்கையில் இருந்தது. வீட்டுக்கார அம்மா நாலைந்து மாணவிகளுக்கு அறையும் சாப்பாடும் கொடுத்துவந்தார். என் அறையில் தென்மராட்சியிலிருந்து வந்த, வயல் செய்யும் ஒரு கமக்காரரின் மகளும் இருந்தாள். நல்ல பிள்ளை. இரவில் சீப்பு சரசரக்க நீண்ட நேரம் தலை வாருவாள். அந்தச் சத்தம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவள் கேட்பவற்றுக்கெல்லாம் “ஓம்”, “இல்லை” என்று பதில் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுப்பேன்.

நித்திரை வரவில்லை. புத்தகங்களை அடுக்கி நெஞ்சில் வைத்துப் பார்த்தேன். மூலைகள் குத்தின. யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு படுத்தேன். கை விறைத்தது. பகலில் விரிவுரை மண்டபத்தில் பேசுகிறவரின் குரல் சொற்களாகப் பிரியாமல் ஒரே இரைச்சலாக வந்தது. நான் எழுதிய குறிப்புகளை நானே வாசித்து விளங்கிக்கொள்ள முடியவில்லை. மூன்றாவது கிழமை, வீட்டுக்குத் திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் பின்னேரம் குசினிப் பக்கம் தண்ணீர் குடிக்கப் போனேன். கழுவிய அம்மிக்குழவி ஓரமாகச் சாத்தியிருந்தது. வழியில் இருக்கிறதே என்று தூக்கினேன். தூக்கியவள் கீழே வைக்கவில்லை. சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அறைக்குப் போய்விட்டேன். தேங்காயும் செத்தல் மிளகாயும் மணக்க, அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, அந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாக விடியும்வரை நித்திரை கொண்டேன்.

காலையில் என்னை எழுப்பியது வீட்டுக்கார அம்மாவின் குரல்.

“எடி பிள்ளையள், குழவியைக் கண்டனியளே? அம்மி இருந்த இடத்திலை இருக்கு, குழவிக்கு மட்டும் கால் முளைச்சிட்டுதோ?”

என் அறைத்தோழி என் போர்வையைப் பார்த்தாள். கிட்ட வந்து நுனியைத் தூக்கினாள். “ஐயோ அம்மா, இஞ்சை ஓடி வாங்கோ! இவள் குழவியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு படுத்திருக்கிறாள்!”

எல்லா அறைகளிலிருந்தும் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். வாசல் நிறையச் சிரிப்பு. வீட்டுக்கார அம்மா அவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

“சம்பல் அரைக்கிற சாமானடி! பாயிலை போட்டு உருட்டுறதே? என்னத்துக்கு எடுத்தனீ?”

அவர் கோபத்தோடுதான் கேட்டார். ஆனால் கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றார். என்னிடம் கேள்வி கேட்கிறவர்கள் அவ்வளவு நேரம் நிற்பதில்லை.

“பாரம் இல்லாட்டி எனக்கு நித்திரை வராது” என்றேன்.

வாசலில் மறுபடி சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை.

“அப்ப நாளைக்கும் எடுப்பியோ?”

“ஓம்.”

“ஓம் எண்டுறாள், பாருங்கோவன்.” கையை நீட்டினார். “தா இஞ்சை. கழுவ வேணும், எனக்குச் சம்பல் அரைக்கக் கிடக்கு.”

அன்று பின்னேரம் என் பாயில் வேறொரு குழவி கிடந்தது. ஒரு நுனி உடைந்தது. கிணற்றடியில் சும்மா கிடந்ததாம். அதைப் பற்றி வீட்டுக்கார அம்மா பிறகு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் அறைத்தோழி தன் பெட்டியை இழுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள்.

“கோவியாதை” என்றாள். “எனக்கு உன்னோடை ஒரு கோவமும் இல்லை. ஆனா அந்தக் கல்லை நீ பிடிக்கிற பிடியைப் பாக்க ஒரு மாதிரிக் கிடக்கு. ஒரு மாசமாய் ஒரு அறையிலை இருக்கிறம், என்ரை பேரைக்கூட நீ ஒருநாளும் சொல்லிக் கூப்பிடேல்லை.”

அது உண்மை. அவள் தலை வாரும் சத்தத்தைப் பற்றி அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல் வந்து சேர்ந்தபோது அவள் போய்விட்டாள். அறை முழுவதும் எனக்கென்று ஆயிற்று. நன்றாக நித்திரை கொண்டேன், நன்றாகப் படித்தேன். பக்கத்து அறையில் அவர்கள் சிரிக்கும்போது சுவரில் கையை வைத்துக்கொண்டு இருப்பேன்.

தவணை விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது அப்பா முற்றத்தில் கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தார். சீலைப் பை சுவரில் ஆணியில் தொங்கியது. வலையின் அடிக்கயிற்றில் பல இடங்களில் ஈயம் இல்லாமல் கல்லைக் கட்டியிருந்தார். நான் அவருக்கு எதிரே மணலில் இருந்தேன். வலையின் மறுநுனியை இழுத்துப் பிடித்துக் கொடுத்தேன்.

“எனக்கு விளங்கேல்லைப் பிள்ளை” என்றார், வலையைப் பார்த்தபடியே. “அண்டைக்குத் துவங்கி யோசிக்கிறன். ஈயம் குறையேல்லை, கூடேல்லை. சரி, ஒண்டு கேக்கிறன். உனக்கு வேண்டினது பாரமோ, உருவமோ?”

கடலில் எதை எதற்குப் பாவிப்பது என்று தெரிந்த மனிதன் கேட்கிற கேள்வி அது. ஏன் இப்படி இருக்கிறாய் என்றுதான் இதற்கு முன் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். அதற்கு என்னிடம் விடை இருந்ததில்லை. இதற்கு இருந்தது. ஒழுங்குபடுத்தத்தான் நேரம் எடுத்தது. அவர் நாலைந்து கண்ணி பொத்தி முடிக்கும்வரை காத்திருந்தார்.

“பாரம் நித்திரைக்கு” என்றேன். “அது வேறை சாமானிலையும் கிடைக்கும். உருவம் எனக்கு. அதின்ரை அடியிலை பெருவிரல் வைக்க ஒரு குழி இருந்தது. இருபத்துமூண்டிலையும் அது இல்லை.”

அப்பா ஊசியைக் கீழே வைத்தார். “கொழுப்பு வைக்கிற குழி” என்றார். பிறகு, “நீ அதுக்குள்ளை விரல் வைக்கிறனீ எண்டு நான் காணேல்லை மோனை” என்றார்.

ஆணியிலிருந்து பையை எடுத்து வந்து அவர் பக்கத்தில் வைத்தேன். “வலையிலை கட்டுங்கோ.” நான் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, கற்களை அவிழ்த்துவிட்டு அவர் கட்டினார். கட்டி முடிய மத்தியானம் ஆயிற்று. எனக்கு அழுகை வந்தது. அவர் அதைக் கண்டும் காணாதவர் போல இருந்தார். இழந்தது இழந்ததுதான். இன்றும் சில வேளைகளில் பேனை பிடிக்கும் கையில் பெருவிரல் எதையோ தேடுகிறது.

கடைசி வருடத்தில் வளாக நூலகத்தில் உளவியல் பற்றிய ஒரு ஆங்கிலப் புத்தகம் கையில் கிடைத்தது. அகராதியை வைத்துக்கொண்டு ஒரு அத்தியாயத்தை நான்கு நாளாக வாசித்தேன். ஓட்டிசம் என்ற சொல்லை அங்கேதான் முதலில் கண்டேன். வெளிநாட்டில் ஏதோ ஒரு நகரத்துப் பிள்ளை, தகரமூடி ஒன்றை விடாமல் வைத்திருக்கிறதாம். சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறதாம். வாசிக்க வாசிக்க என் காது சூடாகிக்கொண்டு வந்தது. அத்தனை தூரத்தில் என்னைப் போல ஒரு ஆள். இத்தகைய பிள்ளைகள் பொருட்களையே விரும்புகின்றன, மனிதரை விரும்புவதில்லை என்று அதை எழுதிய வைத்தியர் முடித்திருந்தார். அந்த வரியில் எனக்குக் கோபம் வந்தது. அப்பாவையும், தலை வாரும் அந்தப் பிள்ளையையும், பதிலுக்காக நின்ற வீட்டுக்கார அம்மாவையும் நான் விரும்பவில்லை என்று இவருக்கு யார் சொன்னது? மூடி எதற்கு என்று அந்தப் பிள்ளையிடம் அவர் கேட்டதாக ஒரு இடத்திலும் எழுதியிருக்கவில்லை.

சென்ற மாதம் எனக்கு ஆசிரியர் நியமனம் வந்தது. மன்னார்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். இங்கிருந்து பஸ்ஸில் முழுப் பகல் ஓட்டம். ஆசிரியைகள் நால்வர் ஒரு வீட்டில் ஒன்றாகத் தங்குகிறார்கள், நானும் அவர்களோடு தங்கலாம் என்று பள்ளிக்கூட அதிபர் அன்பாக எழுதியிருந்தார். ஒன்றும் சொல்லாமல் போய், எல்லாரும் கண்டுபிடித்துச் சிரித்து, ஒருத்தி பெட்டியை இழுத்துக்கொண்டு போகும்வரை காத்திருக்க இந்த முறை எனக்கு மனமில்லை. அவருக்குப் பதில் எழுதினேன். எனக்குத் தனி அறை வேண்டும், எவ்வளவு சிறிதென்றாலும் பரவாயில்லை. பாரமான ஒரு கல் என்னோடு வரும், அது இல்லாமல் எனக்கு நித்திரை இல்லை. மணி அடிக்கும்போது நான் காதைப் பொத்தினால் பயப்பட வேண்டாம். ஆட்களின் பெயரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு நாள் எடுக்கும், அது வெறுப்பினால் அல்ல. வரலாறு நன்றாகப் படிப்பிப்பேன். இவ்வளவுதான் எழுதினேன். ஒரு இடத்திலும் மன்னிப்புக் கேட்கவில்லை. மூன்று தரம் வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்து, நேற்றுக் காலை தபாற்கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன்.